கழற்றி எறிய வேண்டிய பொருளா பூஸ்டர்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய கார்களை வைத்துப் பேணுகிற அன்பர்களிடையேயும், அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் மெக்கானிக்குகளிடையேயும், சில ஆண்டுகளாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி, இன்று எவரும் கேள்வி கேட்காத சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. பிரேக் பூஸ்டர் என்பது சொகுசுக்காகச் சேர்த்த உபரிச் சாமான். கெட்டுப்போன பூஸ்டரைப் பழுது பார்ப்பது வீண் செலவு. அதைக் கழற்றிவிட்டு மாஸ்டர் சிலிண்டரைப் பெடலோடு நேராக இணைத்துவிட்டால் பெடல் சற்றே கல்லாக இருக்கும், மற்றபடி வண்டி முன்போலவே, ஏன், முன்னைவிடத் திருத்தமாகவே நிற்கும் என்பதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்பவர்கள் தொழில் அறியாதவர்கள் அல்லர். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாக்குக்கு இப்பகுதியில் மதிப்பு மிகுதியாக இருப்பதனாலேயே, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு என்பதையும், அத்தவறு உயிரைத் தொடக்கூடியது என்பதையும் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. 1957-இல் உத்தரபாராவிலிருந்து வெளிவரத் தொடங்கிய அம்பாசடருக்கும், 1974-இல் பத்மினி என்று பெயர் பெற்ற பிரீமியர் காருக்கும், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது, பூஸ்டர் கிடையாது, அவற்றில் கழற்றுவதற்கு ஒன்றுமில்லை. வழக்கு எல்லாம் அவற்றுக்குப் பின்வந்த கார்களைப் பற்றியது. முன்சக்கரங்களில் டிஸ்க்கும், பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே பூஸ்டருமாக வெளிவந்த கான்டெஸா வண்டிகள், பிற்கால அம்பாசடர்கள், 1985-இல் நம் ஜி.எஸ்.டி. சாலையோரத்துத் தொழிற்சாலையிலேயே பிறந்து மிகக் குறுகிய காலமே வாழ்ந்த ஸ்டாண்டர்டு 2000 ஆகியவையே இங்கே பேசப்படுபவை. இவையும் இப்போது பழைய கார்கள் என்ற வரிசையில் சேர்ந்துவிட்டன. இவற்றின் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பரும் வண்டியோடு சேர்ந்தே வயதாகிவிட்டது. ஆகவேதான் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி வருகிறது.

பூஸ்டர் செய்யும் வேலை இன்னதென்று தெளிவாக விளங்கினால் வாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது மேனிஃபோல்டில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதை ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகத் தகரக் கலம் ஒன்றுக்குள் கொண்டுவந்து, அக்கலத்தின் நடுவே ஒரு டயாபிராமைப் பொருத்தியிருக்கிறார்கள். கால் பெடலின்மேல் இல்லாதபோது டயாபிராமின் இரு புறமும் வெற்றிடமே. கால் அழுந்தியவுடன் ஒரு சிறிய வால்வு திறந்து, பின்புறத்தில் மட்டும் வெளிக்காற்று புகுந்து, டயாபிராமை முன்னோக்கித் தள்ளுகிறது. வாயுமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஏறக்குறைய 1 கிலோ பாரத்தோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம் பூரணமானதன்று. ஆகையால் அதில் 0.65 கிலோவே நமக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாபிராமின் 254 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது விழுவது சுமார் 165 கிலோ. பெட்ரோலுக்கு மேற்செலவு இல்லாமல், ஓட்டுபவரின் காலுக்குத் துணையாக வந்து நிற்கும் பலம் இது.

இனி, எதிர்தரப்பினர் தங்கள் பிரம்மாஸ்திரமாகக் கருதும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். "வண்டியை நிறுத்துவது டயருக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள பிடிமானம், பூஸ்டர் அந்தப் பிடிமானத்தை ஓர் இம்மியும் கூட்டுவதில்லை, சக்கரம் லாக் ஆகும் வரைக்கும் காலாலேயே மிதிக்க முடிந்தால் பூஸ்டர் எதற்கு?" என்பது அவ்வாதம். இதன் முதற்பகுதி முழு உண்மை. பௌதிக சாஸ்திரம் அறிந்த எவரும் அதை மறுக்கமாட்டார். பிழையெல்லாம் "மிதிக்க முடிந்தால்" என்ற அந்த இடைச்சொற்களில் ஒளிந்திருக்கிறது. மிதிக்க முடியுமா என்பதை ஊகத்தால் நிர்ணயிக்கலாகாது. கணக்கால்தான் நிர்ணயிக்க வேண்டும்.

பூஸ்டர் இல்லாமலே ஓடும்படி வடிவமைத்த காரில், பெடலின் நெம்புகோல் விகிதம் பொதுவாக ஒன்றுக்கு ஆறு என்ற அளவில் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரும் சிறியதாக, முக்கால் அங்குல விட்டத்தோடு அமைவது வழக்கம். அதில் ஒருவர் 30 கிலோ பலத்தோடு மிதித்தால், ஆறு மடங்காகி 180 கிலோவாகச் சென்று, 2.85 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது அழுந்தி, பிரேக் ஆயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 63 கிலோ அழுத்தத்தை உண்டாக்கும். பூஸ்டரோடு வடிவமைத்த காரில் பொறியாளர்கள் வேறுவிதமாக யோசிக்கிறார்கள். துணைக்கு வாயுமண்டலம் இருக்கிறபடியால் நெம்புகோலை ஒன்றுக்கு நான்கு என்று குறைத்து, சிலிண்டரை முக்காலே அரைக்கால் அங்குலமாகப் பெரிதாக்கி, பெடல் கீழே இறங்கும் தூரத்தைச் சுருக்குகிறார்கள். அதே 30 கிலோ மிதிக்கு இங்கே கால் தருவது 120 கிலோ, பூஸ்டர் தன் 165 கிலோவையும் சேர்த்தால் 285, 3.88 சதுர சென்டிமீட்டர் சிலிண்டரில் அது சதுர சென்டிமீட்டருக்கு 73 கிலோ அழுத்தம். நல்லது. இப்போது அந்தப் பூஸ்டரைக் கழற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுப் பாருங்கள். மிஞ்சுவது 120 கிலோ, அழுத்தம் 31. பூஸ்டரையே கண்டிராத பழைய காரின் அழுத்தத்தில் பாதி! காருக்குக் கார் அளவுகள் சிறிது மாறலாம், போக்கு மாறாது. பூஸ்டரைக் கழற்றியதனால் உங்கள் கார் உங்கள் தந்தையாரின் அம்பாசடராக மாறிவிடவில்லை. அதைவிடத் தாழ்ந்த ஒரு நிலைக்கு, எந்தத் தொழிற்சாலையும் எக்காலத்திலும் செய்து விற்காத ஒரு வண்டியாக, அது இறங்கிவிட்டது.

இதோடும் நின்றுவிடவில்லை. டிரம் பிரேக்கில், ஷூ டிரம்மைத் தொட்டவுடன் டிரம் சுழலும் வேகமே முன்னணி ஷூவை மேலும் நெருக்கிப் பிடிக்கச் செய்கிறது. அதாவது டிரம்முக்குள்ளேயே இயற்கையாக ஒரு பூஸ்டர் அடங்கியிருக்கிறது. டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. கொடுத்த அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே அது பிடிக்கும். ஆகவே டிஸ்க் வைத்த கனமான காருக்குப் பூஸ்டரையும் சேர்த்தே கொடுத்தார்கள். "எங்கள் காலத்தில் பூஸ்டர் ஏது? நாங்கள் ஓட்டவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கும்போது அவர்கள் நினைவில் இருப்பது டிரம் வண்டி. அந்த அனுபவத்தை டிஸ்க் வண்டியின்மேல் ஏற்றிப் பேசுவது நியாயமாகாது.

காலின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டு சட்டமாகவே எழுதியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் கார்களின் பிரேக்குக்கென வகுத்த 13-எச் என்னும் விதி, சோதனையின்போது பெடலில் செலுத்தும் பலம் 500 நியூட்டனை, அதாவது சுமார் 51 கிலோவை, மீறலாகாது என்கிறது; அந்தப் பலத்துக்குள் வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி குறைந்தது 6.43 மீட்டர் வீதம் தணிய வேண்டும். பூஸ்டர் செயலிழந்த நிலையில், அதே பலத்துக்கு, அவ்விதி எதிர்பார்ப்பது வெறும் 2.44 மீட்டர்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் முதற்கணக்கின்படி 38 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கணக்கின்படி நிற்பதற்கு 101 மீட்டர் வேண்டும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கி வைப்பதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. பூஸ்டர் போன பின்பும் வண்டி ஒருவாறு ஓரத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகச் சகித்துக்கொண்ட அளவு அந்த இரண்டாவது அளவு. அதையே நித்திய நிலையாக்கிக்கொண்டு, குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் பிரயாணம் செய்யலாம் என்று சொல்வது எவ்வளவு விபரீதமான யோசனை!

மேலும், காரை நிறுத்த வேண்டிய கால் யாருடையது? ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுவதும் ஜாக்கியைத் தூக்கி இறக்கும் முப்பது வயது இளைஞர், பூஸ்டர் கழற்றிய காரைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, "பெடல் கல்லு மாதிரி நிக்குது சார், கவலையே படாதீங்க" என்று சான்று கொடுக்கிறார். சாவியை வாங்கிக்கொள்பவரோ பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர். கான்டெஸா வாங்க ஆசைப்பட்ட வயதில் வாங்க வசதியில்லாமல், ஓய்வுபெற்ற பின் வாங்கியவர். முழங்காலில் தைலம் தடவிக்கொள்பவர். கல்லாக இருக்கும் பெடலைக் காண்பவர்கள் அதை நல்ல பிரேக்குக்கு அடையாளமாகக் கொள்வதுதான் இந்த மயக்கத்தின் மூலம் என்று நினைக்கிறேன். பெடல் கீழே இறங்காமல் நிற்பது ஆயிலில் காற்றில்லை என்பதைக் காட்டும். பேட் டிஸ்க்கை எவ்வளவு பலத்தோடு கவ்வியிருக்கிறது என்பதைக் காட்டாது.

சாலையும் அந்தக் காலத்துச் சாலையாக இல்லை. இருவழித் தார்ச்சாலையில் புளியமர நிழலில் 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற காலத்தோடு ஒப்பிட்டால், நான்கு வழிச் சாலையில் 80-இல் செல்லும் அதே கார் சுமக்கும் இயக்க சக்தி இரண்டரை மடங்குக்கும் மேல். முன்னால் செல்லும் புதிய கார்களிலோ 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், அவை நின்றால் நின்ற இடத்தில் நிற்கும். கரும்பு வெட்டும் பருவத்தில், முண்டியம்பாக்கம் ஆலைக்குச் செல்லும் டிராக்டர், பின்விளக்கு மறையும்படி கரும்பு பிதுங்கிய டிரெய்லரோடு இருட்டில் ஊர்ந்து செல்லும். பொங்கலுக்கு முந்திய இரவில் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடிக்கு முன்னே வரிசை எங்கே தொடங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திண்டிவனத்தை நெருங்கினால் புதுச்சேரிச் சாலையும் செஞ்சிச் சாலையும் வந்து கூடும் நெரிசல். இங்கெல்லாம் தேவைப்படுவது நிதானமான மிதி அன்று. ஒரு கணத்தில் முழு அழுத்தம்.

எதிர்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெடலின் வழியே காலுக்குத் திரும்பி வரும் உணர்வு பூஸ்டரால் ஓரளவு மங்குகிறது என்பது மெய். பூஸ்டர் என்பது கூடுதலாக ஒரு கோளாறுக்கு இடம் என்பதும் மெய். பின்சீல் தேய்ந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் கசிந்து, ஹோஸ் வழியாக எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் வெண்புகையாக வெளியேறும். எந்த வீலிலும் ஈரம் தெரியாது. ஆயில் மட்டும் நாளுக்கு நாள் இறங்கும். இதைக் கண்டு பதறித்தான் பலர் பூஸ்டரைக் கழற்றத் துணிகிறார்கள். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கசிந்தது மாஸ்டர் சிலிண்டரின் சீல். அதை மாற்றாமல் பூஸ்டரைக் கழற்றினால் ஆயில் கசிவது நின்றுவிடாது; எஞ்சினுக்குள் போன ஆயில் இனி ஓட்டுபவர் காலடியில் சொட்டும்.

கழற்றுகிற விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் மேனிஃபோல்டிலிருந்து வந்த ஹோஸின் அறுத்த நுனியில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப்பால் இறுக்கியிருப்பார்கள். பூஸ்டர் இருந்த இடத்தில் இரும்புப் பட்டையில் செய்த ஒரு சட்டம்; மாஸ்டர் சிலிண்டர் அதில் தொங்கும். பெடலுக்கும் சிலிண்டருக்கும் இடையே குறைந்துபோன நீளத்துக்காக, தள்ளுதண்டை இரண்டாக வெட்டி, நடுவே ஒரு துண்டை வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். அவசர காலத்தில் முழு உடல் பலத்தோடு மிதிக்கும் ஒருவரின் உயிர், அந்த வெல்டிங் பொட்டில் நிற்கிறது. சட்டம் சற்றே வளைந்தாலும் தண்டு கோணலாகத் தள்ளும். கோணலாகத் தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும். இவ்வளவையும் செய்வதற்கு ஆகும் கூலியைப் பூஸ்டரைச் சீர்செய்வதற்கே செலவிட்டிருக்கலாம்.

"சாமான் கிடைக்கவில்லையே" என்பது அடுத்த ஆட்சேபம். சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கும்வரை, தேடாமலே கிடைக்கவில்லை என்று சொல்வதை நான் ஏற்க இயலாது. அப்படியே அச்சு அசலானது அகப்படவில்லை என்றாலும், டயாபிராம், வால்வு, சீல் ஆகியவற்றை மாற்றிப் பூஸ்டரைப் புதுப்பித்துத் தரும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அளவொத்த வேறொரு பூஸ்டரை அளவறிந்து பொருத்துவதும் முடியாத காரியம் அன்று. இது நமக்கு அந்நியமான வித்தையும் இல்லை. எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் உபாயத்தைப் பெல்ஜியத்து ஆல்பர்ட் தெவாந்தர் 1920-களில் உருவாக்கினார்; இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக் கிளேட்டன் நிறுவனம் அதை உற்பத்தி செய்து, கிளேட்டன் தெவாந்தர் என்ற பெயரால் விளங்கிற்று; அந்தக் கிளேட்டனோடு கூட்டுச் சேர்ந்துதான் 1962-இல் பாடியில் சுந்தரம் கிளேட்டன் எழுந்தது. அதே ஆண்டில், அதே பாடியில், பிரேக்ஸ் இந்தியாவும் தொடங்கப்பட்டது. பிரேக் பூஸ்டரின் வம்சாவளியில் ஒரு கிளை நம் சென்னையிலேயே தழைத்திருக்க, அதைச் சீர்செய்ய இங்கே வழியில்லை என்று கையை விரிப்பது வருந்தத்தக்கது.

"அசல் நிலையில் வைக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே பூஸ்டரைக் கழற்றுபவர்களும் உண்டு. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு நிறைந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ள 2021-இல் மத்திய அரசு விதி செய்தது. 1984-இல் பிறந்த கான்டெஸா 2034-இல் அந்த வயதை எட்டும். அதற்குப் பூஸ்டரோடு வந்ததே அசல். அசலின்மேல் பற்றுள்ளவர் அதைக் காப்பாற்றுவதல்லவா முறை? இதே காரணத்தால், நான்கு சக்கரமும் டிரம்மாகப் பிறந்த பழைய அம்பாசடருக்குப் புதிதாகப் பூஸ்டர் மாட்டுவதையும் நான் ஆதரிக்கவில்லை. அங்கே டிரம்மின் சுயபலத்தோடு பூஸ்டரின் பலமும் சேர்ந்து, மழைச் சாலையில் லேசாக மிதித்தாலே பின்சக்கரம் லாக் ஆகி வண்டி திரும்பிவிடக்கூடும். அந்த வண்டியில் பிரேக் போதவில்லை என்றால் ஷூவை அட்ஜஸ்ட் செய்து, ஆயிலை மாற்றி, வீல் சிலிண்டரைப் பார்த்தாலே போதும்.

பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய கார்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் தட்டு இல்லாதபடியால் மேனிஃபோல்டில் போதிய வெற்றிடம் உண்டாவதில்லை. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தோ தனித்தோ ஒரு வாக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் வைக்காமல் ஹோஸை மட்டும் எங்கோ சொருகிவிட்டு, "பூஸ்டர் இருக்கிறதே" என்று திருப்திப்படுபவர்கள், கழற்றியவர்களைவிட ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள். கழற்றியவருக்காவது அது இல்லை என்பது தெரியும்.

உங்கள் பூஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய மெக்கானிக்கைக்கூடத் தேட வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள்; பெடல் கெட்டிப்படும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் மெல்ல இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் அப்படியே நின்றால், ஹோஸையும், அதன் ஒருவழி வால்வையும் முதலில் பாருங்கள். பல சமயங்களில் கோளாறு அந்த மலிவான சாமான்களிலேயே முடிந்துவிடும். டயாபிராமே கிழிந்திருந்தால், சீர்செய்து முடியும்வரை காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு சரிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டுபவர்கள், கலத்தில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்கே போதும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் படித்த பின்பும் பூஸ்டரைக் கழற்றியே தீருவேன் என்று ஒருவர் உறுதியாக இருந்தால், அவரிடம் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. பெடலின் விகிதத்தையும் மாஸ்டர் சிலிண்டரின் அளவையும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஏற்றபடி மாற்றாமல் கழற்றாதீர்கள். வெட்டி ஒட்டிய தள்ளுதண்டை ஒருபோதும் ஏற்காதீர்கள். முழுத் தண்டாகக் கடைந்து வாங்குங்கள். அந்தக் காரை விற்கும்போதும், ஒரு நாளைக்கு மகளிடமோ மருமகனிடமோ டிரைவரிடமோ சாவியைக் கொடுக்கும்போதும், இதில் பூஸ்டர் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.